காற்றுக்குக் குறைத்த விலை

ஒரு மகனின் விலை அறுநூறு. அது சொன்ன விலை அல்ல, குறைத்த விலை.

கடைத்தெருவில் அந்தப் பாத்திரக்கடைக்காரருக்குப் 'பாதிவிலை' என்று பட்டப்பெயர். எதை வாங்கப் போனாலும் சொன்னதில் பாதியைக் கேட்டுவிட்டுத்தான் பொருளையே பார்ப்பார். அவர் மகனுக்குக் கல்லாவில் உட்காரப் பிடிக்கவில்லை. ஏரியில் மீன் பிடிக்கிற வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வலையும் கையுமாகப் போய்விட்டான். கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த அப்பா, பிறகு மனசு கேளாமல் ஒரு மரப்படகு வாங்கித் தருகிறேன் என்று இறங்கி வந்தார். மனசு இறங்கினால் வாயும் இறங்கிவிடுமா என்ன? பழைய படகு, சாயம் போயிருக்கிறது, துடுப்பில் கீறல் என்று குறை சொல்லிச் சொல்லியே படகுக்காரனை வியர்க்க வைத்தார்.

"ஐயா, இன்னும் அறுநூறு குறைக்கணும்னா ரெண்டு முனையிலயும் இருக்கிற காத்துப்பெட்டிய எடுத்துட்டுத்தான் தரணும்" என்றான் அவன்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"காத்துதான். படகுல தண்ணி ரொம்பினாலும் முழுக விடாது."

"காத்துக்கு அறுநூறா? என் கடையில ஒவ்வொரு அண்டாவுலயும் காத்து ரொம்பிக் கெடக்கு. நான் அதுக்குக் காசு கேக்குறனா?"

மகன் சிரித்தான். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படகுக்காரனும் சிரித்துக்கொண்டேதான் பெட்டிகளைப் பெயர்த்து எடுத்தான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவர் அளந்துதான் போட்டார். மழைக்காலத்து முதல் பெருங்காற்றில் அலை படகுக்குள் ஏறியது. ஈரம் ஊறிய பழைய மரம், நங்கூரமும் நனைந்த வலையும் இழுக்க, அப்படியே அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பிடித்துக்கொண்டு மிதக்க மகனுக்கு ஒரு விளிம்புகூட மேலே இல்லை.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் யாரும் அவரைப் 'பாதிவிலை' என்று கூப்பிடவில்லை.

மருமகள் அவரோடு வந்து தங்கினாள். கடையில் பெரிய பாத்திரங்களை விருந்து வீடுகளுக்கு வாடகைக்கு விடுவது உண்டு. வெளியே போகும்போது அவர் ஒவ்வொன்றாகத் தொட்டு, "போனது இத்தனை" என்று சத்தமாக எண்ணுவார். திரும்பி வந்ததும் "வந்தது இத்தனை." ஒரு கரண்டி குறைந்தாலும் ஆளை விடமாட்டார். வந்த பாத்திரங்களைத் தேய்ப்பது மருமகளின் வேலை.

ஒருநாள் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள் உள்ளிருந்தபடியே சொன்னாள்: "மாமா, எனக்கு ஒரு படகு வேணும்."

அவருக்கு எண்ணிக்கை தவறிப்போயிற்று. "இங்க என்னம்மா குறை உனக்கு?"

"ஒரு குறையும் இல்ல. அண்டாத் தண்ணியப் பாத்துப் பாத்து எனக்கு மூச்சு முட்டுது. எனக்குத் தெரிஞ்ச தொழில் அதுதானே?"

"மறுபடியும் அந்த ஏரிக்கா?"

"ஏரி என்ன மாமா பண்ணுச்சு? அது பாட்டுக்கு அது கெடக்கு."

அவர் கையிலிருந்த மூடியைத் துடைத்து வைத்தார். "சரி, வாங்கித் தர்றேன்."

"வாங்க வேணாம்." அவள் அண்டாவிலிருந்து தலையை வெளியே எடுத்தாள். "நாமளே செய்வோம். உள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு நம்ம கண்ணுக்குத் தெரியணும்."

மரக்கடையில் அவரைக் கண்டதுமே மரக்கடைக்காரர் முன்ஜாக்கிரதையாக இரண்டு மடங்கு விலை சொன்னார். இவர் மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் பலகைகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். தெருமுனை வரைக்கும் மரக்கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"யோவ், நில்லுய்யா! நீ பாதி கேப்பேன்னு தெரிஞ்சுதானே அப்படிச் சொன்னேன்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இருக்கட்டும், வச்சுக்க."

"வச்சுக்கிட்டா எனக்குச் சோறு இறங்குமா? ஒரு வார்த்தை குறைச்சுக் கேளேன்யா!"

பாத்திரக்கடைக்காரர் வாயைத் திறந்தார். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் மரக்கடைக்காரர் தன்னோடு தானே பேரம் பேசி, தானே தோற்று, மிச்சப் பணத்தை அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்.

கடைக்குப் பின்னால் இருந்த கூடத்தை ஒழித்து வேலையைத் தொடங்கினார்கள். மருமகள் முதலில் அளந்தது மரத்தை அல்ல, கதவை. "கட்டி முடிச்சிட்டு சுவத்தை இடிக்கிற கூத்தெல்லாம் வேணாம்" என்றாள். தட்டையான அடி, இரண்டு ஆள் நீளம். பக்கப்பலகைகளைக் கொதிநீர்த் துணியால் சுற்றி, கயிறு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர் திருகாணி முடுக்கினார்.

காற்றுப்பெட்டிகளை மட்டும் அவரே செய்தார். மூட்டுகளில் எல்லாம் பசை பூசி, காயவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்தார். எங்கே நுரை கொப்பளிக்கிறதோ அங்கே ஓட்டை. நுரை வந்த இடத்தையெல்லாம் அடைத்தார். எங்கும் நுரை வராதபோது, அதை நம்பாமல் மறுபடியும் தடவினார்.

கடையில் யாருக்கும் கொசுறு கொடுத்தறியாத மனிதர், படகுக்கு வாரி வழங்கினார். அவள் ஒரு திருகாணி கேட்ட இடத்தில் மூன்று. ஒரு பலகை போட்ட அடித்தளத்தில், அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, மேலே இன்னொன்று. உட்காரும் பலகை அவர் கையில் கட்டில் சட்டம் மாதிரி தடித்தது. அவள் பார்த்துக்கொண்டேதான் சாயம் பூசினாள். சாயம் காய்ந்த அன்று படகின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அது இம்மியும் அசையவில்லை.

"மாமா, இது படகா, அம்மிக்கல்லா?"

"பலமா இருக்கட்டுமேம்மா."

"காத்து அடிச்சா ஒத்த ஆளா நான்தானே இதைக் கரைக்கு இழுக்கணும்?"

"நாலு பேரைக் கூப்பிட்டுக்கலாம்."

"நடு ஏரியில எந்த நாலு பேரு?"

அவர் துணியை எடுத்து, காய்ந்த சாயத்தைத் துடைத்தார்.

"நீங்க படகு கட்டல மாமா. நான் போகாம இருக்க வேலி கட்டியிருக்கீங்க."

அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "ஆமா" என்றார். "நீயும் போயிட்டா நான் யாரைம்மா எண்ணுவேன்?"

"நான் அண்டாவுக்குள்ளயே இருந்தா மட்டும் எண்ணிக்கை சரியாயிடுமா?"

திருப்புளியைத் தேடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். "நீங்களே கழட்டுங்க. எதைக் கழட்டக் கூடாதுன்னு இப்ப உங்களுக்குத் தெரியும்."

அவர் கழற்றினார். மேல் பலகை போயிற்று. தடித்த இருக்கை போயிற்று. ஒவ்வொரு பலகை பெயரும்போதும் கிறீச்சிட்ட சத்தத்துக்கு அவர் தோள் குலுங்கியது. காற்றுப்பெட்டிகளின் பக்கம் அவர் கை போகவே இல்லை. கழற்றியதையெல்லாம் சுவரோரம் அடுக்கியபோது, அது இன்னொரு படகுக்கே போதும் போல் இருந்தது.

மறுநாள் தள்ளுவண்டியில் படகை ஏரிக்குக் கொண்டுபோனார்கள். இடுப்பு ஆழத்தில் நிறுத்தி, இருவருமாக வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு படகுக்குள்ளேயே ஊற்றினார்கள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் ஒருவர், "தண்ணிய வெளிய இறைக்கிறதைப் பாத்திருக்கேன், இது என்ன புதுசா?" என்று கேட்டுவிட்டு, யாரென்று அடையாளம் தெரிந்ததும் குனிந்துகொண்டார்.

படகு நிறைந்தது. ஆனாலும் விளிம்பு ஏரி மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"ஏறி உக்காருங்க மாமா."

ஏறினார். இடுப்பளவு தண்ணீரில், படகுக்குள் உட்கார்ந்தார். படகு கொஞ்சம் தாழ்ந்து, நின்றுவிட்டது. வாங்குகிற பாத்திரத்தை அழுத்திப் பார்ப்பதுபோல் இரண்டு கைகளாலும் விளிம்பை அழுத்தினார். முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். வாழ்நாள் முழுக்கப் பொருளில் குறை கண்டுபிடித்தே பிழைத்தவருக்கு அதில் ஒரு குறையும் அகப்படவில்லை.

"முழுகலையே" என்றார். அப்புறம் குரல் உடைந்து, "முழுகலையேம்மா!" என்று அழுதார்.

அவள் தண்ணீரில் நின்றபடி படகின் முனையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நானும்தான் சிரிச்சேன் மாமா" என்றாள்.

அடுத்த நாள் விடிந்ததும் அவள் வலையை ஏற்றிக்கொண்டு, படகைத் தனி ஆளாகவே தள்ளி ஏறிப் போனாள். அவர் கடையைத் திறக்கவில்லை. கரையில், தண்ணீர் செருப்பை நனைக்கிற இடத்தில் நின்றார். வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. படகு ஒரு புள்ளியாகி, காணாமல் போய், மறுபடியும் புள்ளியாகி, துடுப்பும் தலையுமாக வளர்ந்து வந்தது.

கூடையில் சொல்லிக்கொள்கிற மாதிரி மீன் இல்லை. அவள் கயிற்றை வீசினாள். அவர் பிடித்து இழுத்து, அவள் தலையைத் தொட்டு, கடை வாசலில் எண்ணுகிற அதே குரலில் சொன்னார்.

"போனது ரெண்டு. வந்தது ஒண்ணு."

கயிற்றைக் கட்டையில் இறுக்கிக் கட்டிவிட்டு, ஏரியைப் பார்த்தார்.

"பாக்கி ஒண்ணு."