சபரியின் தோப்புக்கரணம்

சபரிக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. ஏறினால் இறக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? அதற்கு நேரம் வேண்டாமா? பகலெல்லாம் மராட்டிய ஊரான ஹடப்சரில் ஆபீஸ், சாயங்காலம் டிராஃபிக், வீடு சேர்ந்தால் அமெரிக்காக்காரனோடு மீட்டிங். நடுவில் எங்கே போய் உடற்பயிற்சி செய்வது?

மனைவி ரோஹிணி முடிவாகச் சொல்லிவிட்டாள். "அடுத்த டெஸ்ட்ல சுகர் குறையலீன்னா மூணு வேளையும் பாக்ரிதானுங்க. அரிசிங்கற பேச்சே கெடையாது."

ரசம் சோற்றைப் பார்த்தாலே முகம் மலர்கிற மனிதன் சபரி. அந்தச் சோள ரொட்டியை நினைத்ததுமே பாவம், கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து விநாயகர் சதுர்த்தி வந்தது. குடியிருப்பின் கேட் அருகே பந்தல் போட்டுக் கணபதியை வைத்தார்கள். ஆபீஸ் பஸ் நிற்பதும் அங்கேதான். பஸ் வரும்வரை தோப்புக்கரணம் போட்டால் என்ன? பக்திக்குப் பக்தி, பயிற்சிக்குப் பயிற்சி. மறுநாளே காதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டான். முட்டி கடகடவென்றது. மனுஷன் விடவில்லை.

சில நாளில் வேடிக்கை பார்க்கக் கூட்டமே சேர்ந்தது. மூன்றாம் மாடி வைஷாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "போதும் பாய் சாஹப், கணபதி பப்பா மன்னித்துவிட்டார். நானும் மன்னித்துவிட்டேன்" என்று இந்தியில் சொல்லி, நெய் ஒழுகும் மோதகம் ஒன்றைக் கையில் வைத்தாள். பிரசாதத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? சாப்பிட்டான். மறுநாள் இன்னும் பெரிதாகக் கொடுத்தாள். அப்புறம் டப்பாவே வந்தது.

அதே பஸ்ஸில் வரும் பக்கத்து பிளாக் கார்லிடம் விசாரித்தான். கார்ல் இங்கே கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன்.

"அண்ணா, இங்கே ஸ்கூல்ல தப்பு பண்ணா இதான் சஜா. காது பிடிச்சு உட்கார்ந்து எழுந்திருக்கணும். சாமி கும்பிடறீங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? வைஷாலியோட புது கார் மேல யாரோ கோடு போட்டுட்டாங்கல்ல, அது நீங்கதான்னு நினைச்சுட்டாங்க."

"அடப்பாவமே, நான் அந்தக் கார் பக்கமே போகலியே."

உண்மையைப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மோதகம் நின்றுவிடும். மானமா மோதகமா என்று யோசித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டான் அந்தத் தின்னிப் பண்டாரம்.

கணபதியைக் கரைத்த மறுநாள் டெஸ்ட். சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. ரோஹிணி அரிசி டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தாள்.

"வெளிய என்னத்தத் தின்னீங்க?"

வேறு வழியில்லை. தோப்புக்கரணம், மோதகம், கார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கார் என்றதும் அவள் முகம் வெளுத்தது.

"அது வந்துங்க... ஸ்கூட்டியத் திருப்பறப்ப லேசா உரசிருச்சு. ஆரும் பாக்கலீன்னு வந்துட்டேன்."

சபரி திட்டவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"காலைல வைஷாலியப் பாத்து, நான் இல்லீங்க, இன்னாருங்கன்னு சொல்லிரட்டுமா?"

ரோஹிணி ஸ்டூலைப் போட்டு ஏறி அரிசி டப்பாவை இறக்கினாள்.

"ரசம் மட்டும் போதுங்களா, கொழம்பும் வெக்கட்டுங்களா?"