சனிக்கிழமைக்கு ஆள் வேண்டும்

இந்த வாரம் மும்பையில் எங்கெங்கே கச்சேரி என்று போனில் வந்த படத்தில் தம்பியின் முகத்தைப் பார்த்ததிலிருந்து பானுமதிக்குக் கால் தரையில் பாவவில்லை. தாராவியில் சட்டைப் பட்டறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காஜா அடிக்கிற தம்பி சுடலை, சனிக்கிழமை லோயர் பரேலில் ஒரு கிளப்பில் பாடப் போகிறான். செம்பூர்ப் பையன்கள் கிட்டாரும் டிரம்சும் வாசிக்க, இவன் தானே எழுதிய தமிழ்ப் பாட்டுகளைப் பாடுவான். சினிமாப் பாட்டு மருந்துக்கும் கிடையாது. அதனாலேயே எவனும் கூப்பிடுவதில்லை. இந்தக் கிளப்காரர்களும் சும்மா கூப்பிட்டுவிடவில்லை.

"கூட்டத்த நாமதான் கூட்டிட்டுப் போவணும்க்கா. ஹால் காலியா கெடந்தா இனி கூப்பிட மாட்டாவ. வாசிக்கிற பயலுவளும் இதோட போதும்னு சொல்லிட்டானுவ."

"கூட்டந்தானல? அத என்கிட்ட விடு."

கோயில் கொடைக்கு அழைப்பது போல வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஏழு மணிக்குள் போனால் டிக்கெட் வாங்க வேண்டாம் என்றதும் சந்தே கிளம்பிவிட்டது. பெண்கள் பட்டுப்புடவை கட்டினார்கள். அய்யாத்துரை மாமா கஞ்சி போட்ட வேட்டியில் விறைப்பாக நடந்தார். பாட்டு முடிந்ததும் தம்பிக்குப் போர்த்த அவள் பையில் ஒரு பொன்னாடையும் இருந்தது.

கிளப் வாசலில் காவல் நின்ற கறுப்புக் கோட்டுப் போட்டவன் முகங்களைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தான்.

"சப்பல் நஹி சலேகா."

பானுமதிக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவுதானா?

"செருப்ப வெளிய விடணுமாம்," என்றாள் திரும்பி.

கோயில் வாசலில் விடுவது போல எல்லோரும் சுவரோரம் செருப்பை ஜோடி ஜோடியாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு வந்து அவன் முன்னால் நின்றார்கள். அவன் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். குரலைத் தாழ்த்தி, "ஷூ சாஹியே, தீதி. லுங்கி நஹி சலேகா," என்றான். ஷூ போட்டிருக்க வேண்டுமாம், லுங்கியும் கூடாதாம்.

"லுங்கியாமா? ஏட்டி, இது வேட்டி! சொல்லு அவன்ட்ட," என்றார் அய்யாத்துரை.

சொன்னாள், கெஞ்சினாள். தம்பியின் போன் அணைந்திருந்தது. அவனுக்கும் இது தெரிந்திருக்காது. பாடுகிறவர்களைப் பின்வாசல் வழியாக விடுகிறார்கள், அவர்கள் காலை யாரும் பார்ப்பதில்லை. பட்டுப்புடவை கட்டச் சொன்னவளுக்கு, இங்கே என்ன உடுத்தலாம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழைத்து வரத் தோன்றவில்லை. ஷூ வைத்திருக்கிற நாலு பேரையாவது பிடித்திருக்கலாம். இனி எங்கே போய்ப் பிடிப்பது?

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் விளக்குகள் மாறின. மூலை மேசையில் இரண்டு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற நாற்காலிகள் எல்லாம் காலி. சுடலை மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். வாய் அசைந்தது. சத்தம் ஒரு பொட்டுகூட வெளியே வரவில்லை.

"ஆரம்பிச்சிட்டானாட்டி?" என்றார் அய்யாத்துரை. அவருக்குக் கண் அவ்வளவு தெரியாது.

"ஆமா மாமா. இப்பத்தான்."

அவர் கைகட்டி நின்றார். சந்துக்காரர்களும் பேச்சை நிறுத்தினார்கள். உள்ளே சுடலை கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தான். பானுமதி பொன்னாடையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அவன் கண் அவளைத் தாண்டிப் போய், திரும்பிவந்து, மறுபடியும் தாண்டிப் போனது. இருட்டில் நிற்கிறவர்கள் வெளிச்சத்திலிருந்து தெரிய மாட்டார்கள். அவன் வாய் மூடியதும், பாட்டு முடிந்தது என்று அவள் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் கையை இறக்கவில்லை. கறுப்புக் கோட்டுக்காரன் குனிந்து, வழியில் கிடந்த ஒரு செருப்பை எடுத்து அதன் ஜோடியோடு சேர்த்து வைத்தான்.