ஊட்டாத பள்ளிக்கூடம்

என் மகள் தேவிப்பிரியாவுக்கு ஒன்பது வயது. பிறந்தபோது அழத் தாமதித்தாள். அதிலிருந்து கைகள் நடுங்கும், பேச்சு குழறும். புத்தி மட்டும் கத்தி மாதிரி. அவளுக்கேற்ற பள்ளிக்கூடம் தேடி நல்லம்பள்ளியிலிருந்து புறப்பட்ட நான், போன இடத்திலெல்லாம் முதலில் ஒன்றைத்தான் கேட்டேன்: மத்தியானம் இவளுக்கு யார் ஊட்டுவார்கள்? இத்தனை வருஷத்தில் என் கையைத் தவிர வேறு கை அவள் வாய்க்குப் போனதில்லை. எங்கேயாவது பசியோடு உட்கார்ந்திருப்பாளோ என்ற பயத்திலேயே வீட்டோடு வைத்திருந்தேன்.

தருமபுரியில் பார்த்த பள்ளி கண்ணாடி மாதிரி இருந்தது. ஏசி, வண்ண நாற்காலி, சுவரெல்லாம் யானையும் முயலும். நான் கேட்டு முடிப்பதற்குள் மேனேஜர், "அதுக்குன்னே ஆயாம்மா இருக்காங்க. டிரெஸ்ல ஒரு பருக்கை விழாம ஊட்டி அனுப்பிடுவோங்க," என்றார். மனசு நிறைந்துவிட்டது. அன்றே சேர்த்திருப்பேன். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர்தான் போனில், "இன்னொண்ணையும் பாத்துடு எழிலு. கத்திரிக்கா வாங்கவே நாலு கடை ஏறுறவ நீ," என்றார்.

அந்த இன்னொன்று ஊருக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில் நடந்தது. நிர்மலா டீச்சர் சொந்தமாக நடத்துவது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால் அதிகம். நானும் தேவியும் போனது சாப்பாட்டு நேரம். தரையெல்லாம் குழம்பு. ஒருத்தி மூக்கில் கீரை. என் கேள்விக்கு டீச்சர், "நாங்க ஊட்டறதில்லீங்க," என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப பட்டினி போடுவீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "முழுங்கறதுல ஏதாச்சும் சிரமம் இருக்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"வூட்ல என்ன குடுப்பீங்க?"

"நல்லா பெசஞ்ச தயிர்சோறு." பெருமையாகவே சொன்னேன். களி தின்று வளர்ந்தவள் நான். என் பிள்ளைக்கு வெள்ளைச் சோறுதான் என்று ஒரு வைராக்கியம்.

"நடுங்கற கையில சோறு நிக்காதுங்க. களி நிக்கும்," என்ற டீச்சர், ஒரு சின்ன ராகிக்களி உருண்டையும் கீரைக் குழம்பும் போட்டு தேவி முன்னால் வைத்தார். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி.

தேவி என்னைப் பார்த்தாள். என் கை தானாகத் தட்டுக்குப் போனது. டீச்சர் தலையசைத்துத் தடுத்தார். முதல் விள்ளல் மடியில் விழுந்தது. அடுத்தது கன்னத்தில் அப்பியது. அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தது. அதற்குள் ஒரு விள்ளல் வாய்க்குள் போய்விட்டது. விழுங்கினாள். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாருடைய கையோ என்பது போல.

அப்புறம் நிறுத்தவே இல்லை. பொறுக்கமாட்டாமல் நான் ஒரு விள்ளல் எடுத்து நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டாள். பெற்ற வயிறு குளிர்ந்துபோனது. அடி வாங்குவதில் இத்தனை சந்தோஷம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரரின் போன் வந்தது. தினமும் கேட்கிற கேள்விதான்: "பாப்பாவுக்கு ஊட்டிட்டியா?"

"இல்லீங்க, அவளே சாப்பிட்டா! அவ கையாலயே! இந்தப் பள்ளிக்கூடத்துலதான் சேக்கறோம்!" என்று கத்தியேவிட்டேன்.

பஸ்ஸே திரும்பி, கவுனெல்லாம் குழம்புக் கறையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தது. பார்க்கட்டும்.