சம்பந்தம் உள்ள நடுவர்

ராயபுரம் பலகை விளையாட்டு ரசிகர் மன்றத்தில் இந்த வருடம் புதுச் சட்டம் வந்திருந்தது. போன வருடம் நடுவர் ஜுபைர், தன் மச்சான் உருவாக்கிய விளையாட்டுக்கே முதல் பரிசைத் தூக்கிக் கொடுத்ததால் வந்த வினை. 'விளையாட்டை உருவாக்கியவரோடு சம்பந்தம் உள்ள நடுவர் எழுந்து சொல்லிவிட்டு விலக வேண்டும்' என்று அவர் கையாலேயே எழுத வைத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். மனிதர் சும்மா இருப்பாரா? கீழே, 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

ஹில்டாவின் கண் அந்தத் தாளுக்கே போய்ப் போய் வந்தது. இந்த வருடமும் ஜுபைர் உட்பட மூன்று நடுவர்கள்; அவளும் ஒருத்தி. போட்டிக்கு மேசைமேல் வைத்திருந்த ஆட்டங்களில் ஒன்று அவள் நண்பன் டெரிக்குடையது. எண்ணூர் சாலை நெரிசலில் கன்டெய்னர் லாரியை ஓட்டித் துறைமுகத்துக்குள் சேர்க்கும் ஆட்டம். லாரி மாட்டிக்கொள்ளும் கட்டத்துக்குப் 'பேஜாரு' என்று பெயர் வைத்ததே ஹில்டாதான். ஞாயிறு பூசை முடிந்து வாராவாரம் அவன் வீட்டில் ஆடிப்பார்த்து, பாதி விதிகளை மாற்றியதும் அவள்தான். இது வெளியே யாருக்கும் தெரியாது.

வாயை மூடிக்கொண்டு மதிப்பெண் போட்டால் பரிசு டெரிக்குக்குத்தான். ஆசை ஆசையாய் அட்டை வெட்டி ஒட்டியவன். அவன் தோற்றால் அவளுக்குத் தாங்காது. ஆனால் தான் போடப்போகும் மதிப்பெண் ஆட்டத்துக்கா ஆளுக்கா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அப்படி வாங்கித் தரும் பரிசு அவனுக்குத்தான் கேவலம். எழுந்துவிட்டாள்.

"எனக்கும் டெரிக்குக்கும் சம்பந்தம் கீது."

எழுந்த கைதட்டல் அடங்கவே இல்லை. ஜுபைர் ஓடிப்போய் டெரிக்கைக் கட்டிக்கொண்டு, கல்யாணம் எப்போது என்று கேட்டார். மச்சானை மனதில் வைத்துச் சட்டம் எழுதியவருக்குச் சம்பந்தம் என்றால் வேறென்ன தோன்றும்? இன்னொரு நடுவர் எழில்மொழி கேக்குக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். ஆட்டத்தை ஆடிப்பார்த்த சம்பந்தம்தான் என்று ஹில்டா தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை.

மிச்சமிருந்த இரண்டு நடுவர்களும் மகிழினியின் மீன் ஏல ஆட்டத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். டெரிக்குக்கு இரண்டாம் இடம்.

வாசலில் ஹில்டா அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். தன்னால்தான் பரிசு போயிற்று என்றாள். அவன் காது இன்னும் சிவந்தே இருந்தது.

"அவார்டு போனா போவுது. எழுந்து சொன்னியே, அத்த வாபஸ் வாங்கிக்கப் போறியா?"

ஹில்டா உள்ளே திரும்பி, சுவரில் இருந்த தாளில் ஜுபைர் சேர்த்த கடைசி வரியைக் காட்டினாள்.

"படிச்சிக்கோ," என்றாள்.