மரியசூசையின் உறை ஜாடி

மலைக்கோட்டைப் பிள்ளையார், ஸ்ரீரங்கத்துப் பெருமாள், மேலப்புதூர் மாதா, மூன்று பேருக்கும் பொதுவாகச் சத்தியம்: இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. எங்கேயாவது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால், ஆரோக்கியராஜின் குடும்பமே அப்படி.

மணப்பாறை ரோட்டில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த தாத்தா மரியசூசை 1931-ல் கொடி வைத்தார். முதல் காய்ப்பில் ஒரே ஒரு குலைதான். அதன் பாரம் தாங்காமல் பந்தல் சாய்ந்துவிட்டது. அதை நிமிர்த்த, ரயில்வே பட்டறையிலிருந்து பதினோரு பேர் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். அன்று தொட்டு, சுற்றுவட்டாரத்து மாதா கோயில்களுக்குப் பூசைக்கான திராட்சை ரசம் இந்த வீட்டிலிருந்துதான்.

பாலுக்கு உறை ஊற்றுவதுபோல இவர்கள் ரசத்துக்கு உறை ஊற்றுவார்கள். பிழிந்த புதுச்சாற்றில், தாத்தாவின் பீங்கான் ஜாடியிலிருந்து ஒரு அகப்பை. ரசம் பதமானதும் அதிலிருந்து ஒரு அகப்பை திரும்ப ஜாடிக்கு. மரியசூசை ஊற்றிய முதல் சொட்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று நம்பிக்கை. அதனால் ஜாடியைக் கழுவக் கூடாது. வீட்டுச் சட்டம் அது ஒன்றுதான்.

ஆரோக்கியராஜ் கழுவினார்.

இருபது வருஷம் ஆகிறது. மனைவி சகாயராணி தலைப்பிரசவத்துக்கு அரியமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தோட்டம் பார்க்கப் பெரிய சாமியார் வருகிறார் என்று சேதி. தனியாக இருந்த மனுஷன் வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் தேய்க்க ஆரம்பித்தார். அந்த வேகத்தில் பதினெட்டாவதாக ஜாடியும் வந்துவிட்டது. உள்ளே இருந்ததைக் கொட்டி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகுதான் வீட்டுச் சட்டம் நினைவுக்கு வந்தது. முக்குக் கடைக்கு ஓடி நாலு பாட்டில் கிரேப் சோடா வாங்கிவந்து ஊற்றி மூடினார்.

அந்த வருஷ ரசத்தைப் பங்குச் சாமியார் ருசி பார்த்து, தாத்தா கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து ஆரோக்கியராஜுக்குக் கோயிலில் கடைசிப் பெஞ்சு. பாவசங்கீர்த்தனத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆட்டைக் கல்லால் அடித்ததுவரை சொல்வார். சோடா மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். ஆற்றில் வீசிவிடலாம் என்று ஜாடியோடு மூன்று தடவை முக்கொம்புக்குப் போனார். மூன்று தடவையும் பிக்னிக் வந்த கூட்டம், "அண்ணே, மோர் எவ்வளவு?" என்று டம்ளரோடு வரிசையில் நின்றது.

செய்த துரோகத்துக்கு வேறு பரிகாரம் தெரியாமல் வீட்டு வேலையில் விழுந்தார். விடியற்காலை காபி அவர்தான் போட்டார். துணி துவைத்தார். மாமியாரை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை.

இந்த மாசியில் மகள் ஷெர்லின் முதல்முறையாக உறை ஊற்ற வேண்டும். அவள் அகப்பைக்குக் கை நீட்டினாள். ஆரோக்கியராஜ் கொடுக்கவில்லை. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சோடாவை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். பிள்ளை கையில் பொய்யைக் கொடுக்க முடியாது என்றார். கண் கலங்கியிருந்தது.

சகாயராணி வடிகட்டும் துணியை நிதானமாகப் பிழிந்தாள்.

"நீங்க கொட்டினது, நான் பதிலுக்கு ஊத்தி வச்சிருந்த வெறும் புளிச்ச காடிங்க. உறையை நான் அரியமங்கலத்துக்குப் போகும்போதே பாட்டில்ல எடுத்துட்டுப் போயிட்டேன். உங்களை நம்பி விட்டுட்டுப் போக முடியுமா? திரும்பி வந்ததும் சோடாவைக் கீழே கொட்டிட்டு அதை ஊத்தி வச்சேன்."

ஆரோக்கியராஜ் நெஞ்சிலிருந்து அகப்பையை இறக்கினார்.

"இருபது வருஷமா ஏன்டி சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். வந்தா, கையில காபியோட நிக்கிறீங்க. குத்த உணர்ச்சி போயிட்டா காபியும் போயிடுமேன்னு விட்டுட்டேன்."

இருபது வருஷத்துப் பாரம் இறங்கிய மனுஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஷெர்லின் அவர் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டு, ஜாடியைச் சாய்த்து உறையை மொண்டாள்.

ஜாடியின் அடியில் கம்பெனி முத்திரையும் வருஷமும் தெரிந்தன: 2016. சகாயராணி வடிகட்டும் துணியை அவசரமாக அதன்மேல் போட்டாள்.