ஷெரீப்பின் மரியாதை

இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் ஷெரீப் வாயைத் திறந்தான். எங்கள் சண்டையும் அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்று வருடம் முதுகு ஒடிய நான் மொழிபெயர்த்த நாவல் அது. திறந்த மேய்ச்சல் வெளியில் முள்கம்பி வேலி வந்து, ரயில் வந்து, மாடு ஓட்டியவர்களின் காலம் முடிகிற கதை. ஒரு வாயாடிக் கிழட்டு மாட்டுக்காரன்; அவனோடு இருபது வருடம் ஒரே கம்பளிக்குள் படுத்த கூட்டாளி. கடைசியில் கூட்டாளி அந்த ஊர்ச் சட்டத்தைக் காக்கும் ஷெரீப் ஆகி, ரயில் கம்பெனிக்காகக் கிழவனை நிலத்தைவிட்டு வெளியேற்ற வருகிறான். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். தமிழ்தான் நீயா, நீங்களா என்று உயிரை வாங்குகிறது. நான் "நீ கெளம்பு" என்று எழுதியிருந்தேன். பதிப்பாசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து "நீங்க கெளம்புங்க" என்று மாற்றியிருந்தாள்.

பதிப்பாசிரியர் வேறு யாருமில்லை, என் கூடப் பிறந்த தங்கை.

"இருபது வருஷம் கூட இருந்தவன் நீங்கன்னு சொல்லுவானாடி?" என்று அவள் மேஜையில் பக்கத்தைப் போட்டேன்.

"சட்டையில ஷெரீப் நட்சத்திரத்தைக் குத்திக்கிட்ட பிறகு சொல்லுவான்க்கா."

"அவன் ஒரு கோழை. தரையைப் பார்த்துப் பேசறான். அவனுக்கு எங்கேருந்து மரியாதை வரும்?"

"மரியாதையா? உனக்கு அவனைப் புரியவே இல்ல. நீன்னு சொன்னா கிழவன், 'என்னைப் போகச் சொல்ல நீ யாருடா'ன்னு எகிறுவான். சண்டை வரும், அழுகை வரும், அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து காபி குடிப்பாங்க. நீங்கன்னு சொல்லிட்டா அதோட பேச்சு முடிஞ்சுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மனுஷங்களோட பழகியிருந்தா தெரியும். பேப்பரைத் தவிர உனக்கு என்ன தெரியும்?"

"உன் பேப்பரைத்தானே இத்தனை வருஷமா திருத்தறேன். அந்தக் கிழவனும் நீயும் ஒண்ணுதான். வேலி போட்டாச்சு, இன்னும் ஊரே தன் மேய்ச்சல் நிலம்னு நெனப்பு." கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு மணிக்கு அச்சுக்குப் போகணும். திருத்தத்துல கையெழுத்துப் போடு. இல்லன்னா வேற ஆளை வெச்சு முடிச்சுடுவேன். அட்டையில உன் பேர் இருக்காது."

ஒப்பந்தம் அவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்தான். தங்கைதானே என்கிற மிதப்பு.

"அம்மாகிட்ட சொல்றேன் பாரு!" என்று கத்தினேன். ஐம்பத்திரண்டு வயதில் என் வாயிலிருந்து வந்தது அதுதான். அதோடு விட்டேனா? "உன்னை இடுப்புல சுமந்தவ நான். உனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தவ நான். இந்த நாற்காலிக்கு உன் பேரைச் சொன்னதும் நான்தான். மறந்துடுச்சா?" மேஜையை ஓங்கி அறைந்தேன். பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. பக்கங்களை வடிவமைக்கிற பெண் சத்தம் கேட்டு வந்து கதவருகே நின்றாள்.

தங்கை பேனாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"இவங்களுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். பிறகு மேஜையைப் பார்த்தபடி, "மேடம், நீங்க கொஞ்ச நேரம் வெளிய உட்காருங்க. எங்க முடிவை உங்களுக்குச் சொல்றோம்," என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் என்னை நீங்க என்று சொன்னதில்லை. திட்டியிருக்கிறாள், கடித்திருக்கிறாள், ஒரு வருடம் பேசாமல்கூட இருந்திருக்கிறாள். வாயைத் திறந்தேன். அக்காவிடம் நூறு பதில் இருந்தது. மேடத்திடம் ஒன்றுகூட இல்லை. பக்கத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அந்த இடத்தை மறுபடி படித்தேன். ஷெரீப் சொன்னதும் கிழவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் குதிரையில் ஏறிப் போய்விடுகிறான். இப்பேர்ப்பட்ட வாயாடி ஏன் அங்கே மட்டும் பேசவில்லை என்று மூன்று வருடமாக எனக்குப் புரிந்ததே இல்லை.

பாவி, அவள் திருத்தம்தான் சரி. சிவப்பு மைக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.