காய்ச்சல் விட்டதா?

ஞாயிறு முற்பகல். ஆய்வுக்கூடத்தில் டாக்டர் நஃபீசா மட்டுமே இருந்தார். டெங்கிக் காய்ச்சலின்போது உடலின் காவல் அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் வேதித் தூதுகளை அளப்பதே அவரது ஆராய்ச்சி. இரத்தம் தர வரும் தொழிலாளர்களுக்கு அதை ஒரு கதையாகச் சொல்வார்.

"கோட்டைக்குள்ள திருடன் வந்துட்டான்னு தூதன் கத்திக்கிட்டே ஓடுறான். காவலர்கள் திருடனை விரட்டிடுறாங்க. ஆனா தூதன் கத்துறதை நிறுத்தல. அப்ப என்ன ஆகும்? காவலர்கள் கோட்டைச் சுவரையே இடிக்க ஆரம்பிச்சுடுவாங்க."

நேற்று எடுத்த பதினேழாம் எண் இரத்தத்தில் தூதன் கத்துவதை நிறுத்தவில்லை. முந்தைய நாளைவிட அளவு ஒன்பது மடங்கு ஏறியிருந்தது. அது அங்கமுத்துவின் இரத்தம். சிங்கப்பூரில் கிராஞ்சி தொழிலாளர் விடுதியில் தங்கியிருக்கும் கட்டுமானத் தொழிலாளி. காலையில் அவர் கைபேசியில் அனுப்பியிருந்த படிவத்தை நஃபீசா திறந்தார். 'காய்ச்சல் விட்டதா?' ஆம். நேரம், ஏழு மணி.

மூல ஆங்கிலப் படிவம் கேட்டது வேறு: உடல் வெப்பம் இறங்கிய நேரம் எது? இந்த நோயில் சிலருக்கு அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும்; அடுத்த இரண்டு நாளும் கண்காணிக்க வேண்டும். அதை எளிய தமிழில் மாற்றியவர் நஃபீசாவேதான். விட்டது என்று எழுதினால், படிப்பவர் பிழைத்துக்கொண்டதாகவே எண்ணுவார் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அங்கமுத்துவின் எண்ணை அழைத்தார். அறைத்தோழர் ரகுபதி எடுத்தார்.

"அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு மேடம். தேக்கா மார்க்கெட்டுல பிரியாணி வாங்கி, அதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்காரு. நான் பிடுங்கித் தின்னுடுவேன்னு பயம்."

"அவர்கிட்ட குடுங்க."

"டாக்டர், காய்ச்சல்தான் விட்டுடுச்சே!" அங்கமுத்துவின் குரல் மெலிந்திருந்தது. "உங்க தூதனும் ஊருக்குப் போயிட்டான்."

"வயிறு வலிக்குதா?"

"கொஞ்சம். மூணு தடவை வாந்தி. விடுதிச் சாப்பாட்டைத் திட்டிக்கிட்டே எடுத்தேன்."

"போனை ரகுபதிகிட்ட குடுங்க. ரகுபதி, அவர் கையைத் தொட்டுப் பாருங்க."

மறுமுனையில் சிரிப்பு அடங்கியது.

"ஜில்லுன்னு இருக்கு மேடம். ஈரமா வேற. வெயில்லதானே உக்காந்திருக்கோம்?"

"அவரை நடக்க விடாதீங்க. உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. நானும் வர்றேன்."

நஃபீசா தேக்காவில் டாக்சியிலிருந்து இறங்கியபோது அங்கமுத்துவைப் படுக்கையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டில் நாடி பிடிபடாததால் ஆம்புலன்ஸ் பணியாளர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். "இருக்கு, ரொம்ப லேசா," என்றார். நஃபீசா அளவுகள் இருந்த தாளை அவரிடம் கொடுத்து, இரத்தக் குழாய் கசிவு என்பதை மருத்துவமனையில் முதலில் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். கதவு மூடியது. வண்டி சிராங்கூன் சாலை நெரிசலைப் பிளந்துகொண்டு போனது.

"பொழைச்சுக்குவாரா மேடம்?"

"நேரத்தோடதான் ஏத்தியிருக்கோம்," என்றார் நஃபீசா. "உங்க அறையில வேற யாருக்காவது காய்ச்சல் இருந்துச்சா?"

"நாலு பேருக்கு. நேத்தே காய்ச்சல் விட்டு எழுந்துட்டாங்க. படிவம் அனுப்பினா வேலைக்குப் போகலாம்னு நினைச்சு, அனுப்பிட்டு இன்னிக்குக் காலையில ஓவர்டைமுக்கு லாரி ஏறிட்டாங்க."

"எந்த இடத்துல வேலை?"

ரகுபதி தலையைச் சொறிந்தார். "லாரி எங்க போகுதோ அங்க, மேடம். ஏறினப்புறம்தான் சொல்லுவாங்க. வேலை செய்யற இடத்துல போனையும் வாங்கி வச்சுக்குவாங்க."